மினாகோவுக்கும் ஹெல்டருக்கும் ஒரே மாலை

அருப்புக்கோட்டையில் கீபோர்டு வாசிக்கிறவன் ஒன்று மினாகோக்காரன், இல்லையென்றால் ஹெல்டர்காரன், மூன்றாவதாக ஒரு ஜாதியைக் கடவுள் இன்னும் படைக்கவில்லை என்று எல்லோரும் நிம்மதியாக இருந்த வருஷத்தில்தான், செண்பகவல்லியின் மியூசிக் கடையில், சரஸ்வதி பூஜைக்கு, மினாகோ ஒன்றுக்கும் ஹெல்டர் ஒன்றுக்கும் சேர்த்து ஒரே மாலை விழுந்தது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நடக்க வேண்டிய முறைப்படிதான் நடந்தது. எங்கள் ஊர்க்காரர்கள்தான் முறைப்படி நடந்துகொள்ளவில்லை.

நான் தங்கமாரி. ஆர்க்கெஸ்ட்ராவில் லேடீஸ் வாய்ஸ். மினாகோ கட்சிக் கச்சேரியிலும் பாடுவேன், ஹெல்டர் கட்சிக் கச்சேரியிலும் பாடுவேன், ஏனென்றால் ஆண்டவன் தொண்டைக்குக் கம்பெனிப் பெயர் போட்டு அனுப்பவில்லை. போட்டிருந்தால் எனக்கும் ஒரு பக்கத்துச் சோறுதான் கிடைத்திருக்கும்.

மினாகோ ஜப்பான்காரன் சரக்கு, ஹெல்டர் ஜெர்மன்காரன் சரக்கு. அட்டைப்பெட்டியில் சிந்தசைசர் என்று எழுதியிருப்பான், எங்களுக்கு எல்லாமே கீபோர்டுதான். மினாகோ கட்சித் தலைவர் குருவையா அண்ணன். அவர் வீட்டுக்கு மினாகோ இல்லம் என்று பெயர், பைக்கில் மினாகோ ஸ்டிக்கர், பெற்ற மகளுக்கு மினாகோலட்சுமி என்று பெயர், அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் பட்ட பாடு அதற்குத்தான் தெரியும். மழைக்காலத்தில் மினாகோவில் ஒரு கட்டையை அமுக்கினால் சட்டென்று மேலே எழும்பாது, அதற்கு அவர், கட்டை ஒட்டிக்கொள்ளவில்லை, சுரத்தை விட்டுக்கொடுக்க அதற்கு மனசு வரவில்லை என்று விளக்கம் சொல்லுவார். ஹெல்டர் கட்சித் தலைவர் ஜோதிமுருகன். அவர் புஜத்தில் ஹெல்டர் என்று பச்சை குத்தியிருக்கும். ஹெல்டரைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், கனம் இருந்தால்தான் கௌரவம் என்பார், இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டே.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துப் பார்த்து, எது நன்றாக இருக்கிறது என்று காதால் கேட்டு வாங்கினவன் எங்கள் ஊரில் ஒருத்தன் கிடையாது. முதலில் வாங்குவார்கள், அதற்குப் பிறகு ஆயுசு முழுக்க உட்கார்ந்து ஒப்பிடுவார்கள். மினாகோவில் வயலின் எடுத்தால் வயலினே தோற்றுப்போகும் என்பார்கள் இவர்கள், ஹெல்டரில் பேஸ் அமுக்கினால் பந்தல் கால் ஆடும் என்பார்கள் அவர்கள், பந்தல் கட்டினவன் சரியாகக் கட்டாததால் ஆடுகிறது என்பார்கள் மறுபடி இவர்கள், இப்படியே காலையில் வாங்கின ஒரு டீ மத்தியானம் வரை போகும். இரண்டு கட்சியும் ஒரே மெஸ்ஸில் சாப்பிடாது. பெண் எடுப்பதும் கொடுப்பதும்கூடக் கம்பெனி பார்த்துத்தான்.

செண்பகவல்லி இரண்டு கம்பெனிச் சரக்கையும் விற்கிறவள், அதனால் இரண்டு கட்சிக்கும் அவள் மேல் சந்தேகம். கல்யாணம் கட்டாதவள், அப்பா விட்டுப்போன கடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றை ஆளாக நிற்கிறவள், வாயைத் திறந்தால் பொய் வராது, அதுவே வியாபாரத்துக்குப் பெரிய இடைஞ்சல். எனக்கு அவளை விட்டால் ஊரில் வேறு சிநேகிதி கிடையாது.

சரஸ்வதி பூஜைக்கு எல்லா ஆர்க்கெஸ்ட்ராக்காரர்களும் அவரவர் கீபோர்டை அவள் கடையில் கொண்டுவந்து வைப்பது வழக்கம். கிழக்குச் சுவர் மினாகோவுக்கு, மேற்குச் சுவர் ஹெல்டருக்கு, நடுவில் சாமி படம், சாமிக்கு எந்தக் கட்சி என்று இன்னும் தீர்மானம் ஆகவில்லை. பட்டுத்துணி போர்த்தி, சந்தனம் வைத்து, சூடம் காட்டிவிட்டால் மறுநாள் காலையில் பூஜை பிரிக்கிறவரை அதை எவனும் விரலால் தொடக்கூடாது. அந்த வருஷம் பார்த்து ஐப்பசி மழை புரட்டாசியிலேயே வந்து கொட்டி, மேற்குச் சுவரில் தண்ணீர் இறங்கிவிட்டது. எல்லாவற்றையும் நகர்த்தி நகர்த்தி இடம் பண்ணின செண்பகம், கடைசியில் மிஞ்சின ஜோதிமுருகனுடைய ஹெல்டரை, இரண்டு அடுக்கு ஸ்டாண்டில், குருவையா அண்ணனுடைய மினாகோவுக்கு மேலே வைத்து, இரண்டுக்கும் சேர்த்து ஒரே பட்டுவேட்டியைப் போர்த்தினாள். பூக்காரி ஒரு மாலை குறைவாகக் கட்டியிருந்தாள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மாலையைப் போட்டுச் சூடத்தையும் காட்டிவிட்டாள்.

குருவையா அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "அடிப்பாவி! என்ன காரியம்மா பண்ணி வச்சிருக்க?" என்று கத்தினார். பின்னாலேயே வந்த ஜோதிமுருகன், "எங்க ஹெல்டர அந்த டப்பா மேலயா ஏத்துன?" என்று குதித்தார். ஆனால் சூடம் காட்டியாகிவிட்டது, துணியை எடுக்க இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை, வாசலில் நின்று கடையைப் பார்த்து ஆளுக்கு ஒரு பக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஒரு போர்வைக்குள்ளே, ஒரு மாலைக்குள்ளே, மஞ்சள் குங்குமத்தோடு அந்த இரண்டும் விடிய விடிய நின்றன. பிறகு என்ன ஆகும்? ஆக வேண்டியது ஆனது.

மார்கழி வாக்கில் குருவையா அண்ணனுடைய மினாகோவுக்கு உடம்பு கனத்தது. குத்துப்பாட்டு வாசித்தால் மூச்சு வாங்கியது, மெதுவான பாட்டு என்றால் மட்டும் சொன்னபடி கேட்டது, காலையில் சுவிட்சைப் போட்டால் ஓங்கரிக்கிற மாதிரி ஒரு சத்தம். தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். செண்பகம் அதன் அடிவயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள்.

"அண்ணே, இது ரிப்பேர் இல்ல."

"பெறகு?"

"மாசமா இருக்கு."

எப்படி என்று அவர் கேட்கவில்லை. எங்கள் ஊரில் யாருமே பிற்பாடும் அதைக் கேட்கவில்லை. குருவையா அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எந்தக் கம்பெனி?"

செண்பகம் மேற்குச் சுவரைப் பார்த்தாள். அவ்வளவுதான், மனுஷன் அந்த மினாகோவை அங்கேயே தலைமுழுகிவிட்டு, மறுநாளே புது மாடல் மினாகோ ஒன்றை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு போனார். ஜோதிமுருகனிடம் போய்ச் சொன்னதற்கு அவர், "எங்க ஹெல்டர் சும்மாதான் நின்னுச்சு, அதுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். ஆம்பளைப் பிள்ளையைப் பெற்ற வீட்டில் எல்லாம் இந்த ஒரு வசனத்தைச் சின்ன வயசிலேயே மனப்பாடம் பண்ண வைத்துவிடுவார்கள் போல.

தை பிறந்து, ஒரு காலையில் செண்பகமும் நானும் ஷட்டரைத் தூக்கினபோது, குருவையா அண்ணன் விட்டுப்போன மினாகோ நின்ற அதே ஸ்டாண்டுக்கு அடியில், மாலை வாடி உதிர்ந்த இடத்தில், ஒரு முழத்துக்குக் குட்டி கீபோர்டு ஒன்று கிடந்தது. பால் பல் மாதிரி வெள்ளைக் கட்டைகள், ஸ்குரூ கிடையாது, வயர் கிடையாது, பின்னால் கம்பெனிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வழவழப்பு. செண்பகம் விரலை வைத்ததும் அது குரல் கொடுத்தது. மினாகோவில் எழுநூறு டோன், ஹெல்டரில் எண்ணூறு டோன் என்று அடித்துக்கொள்வார்களே, இதில் ஒரே ஒரு டோன்தான். ஒரு பிள்ளை வாயை மூடிக்கொண்டு தனக்குத்தானே முனகி விளையாடுமே, அந்தக் குரல். இத்தனை வருஷமாகப் பாடுகிறேன், என் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் ஒருநாளும் வந்ததில்லை. நான் அழுதுவிட்டேன். செண்பகம் அழவில்லை, முந்தானையைப் பிரித்து அதைச் சுருட்டி மார்போடு வைத்துக்கொண்டாள், அந்த நிமிஷத்தோடு அவள் அதுக்கு அம்மா ஆகிவிட்டாள்.

ஊர் வந்து பார்த்தது. பார்க்காமல் விடுமா? ஜவுளிக்கடைக்காரர் தொட்டிலுக்கு மல்துணி கொடுத்தார், எதிர்வீட்டுப் பொம்பளைகள் வெற்றிலை பாக்கோடு வந்து கண்பட்டுவிடும் என்று கடைசிக் கட்டையில் ஒரு மைப்பொட்டு வைத்தார்கள், சுகாதார நிலையத்து நர்ஸம்மா இதுக்குச் சொட்டு மருந்து ஒத்துக்கொள்ளாது, வெயில் படாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார், ஜோசியர் பூச நட்சத்திரம் என்று கணித்துவிட்டுப் பெரிய சங்கீத ஞானம் உண்டு என்றார், கீபோர்டுக்கு அதைச் சொல்ல ஒரு ஜோசியர். பால் குடிக்கிறதா என்று கேட்டார்கள். சின்ன பேட்டரிதான், அதுவும் ஒரு நேரத்துக்கு ஒன்று, அதற்கு மேல் கொடுத்தால் கக்கிவிடும் என்று செண்பகம் பெருமையாகப் பதில் சொன்னாள். தொட்டிலை ஆட்டாத கை அந்தத் தெருவில் கிடையாது. அது முனகினால் டீக்கடை ரேடியோவை அணைத்துவிடுவார்கள்.

எல்லாம் ஒரு மாசம்தான். அதற்குள் ஒருத்தன், தொட்டிலை ஆட்டிக்கொண்டே, "அது சரி, இது எந்தக் கம்பெனில சேரும்?" என்று கேட்டுவிட்டான்.

அன்றைக்குப் பிடித்தது சனி. கம்பெனி இல்லாமல் ஒரு பொருள் உண்டா, அப்பன் கம்பெனியா ஆத்தா கம்பெனியா, நாளைக்கு இது பெரிதாகி மேடை ஏறினால் எந்தப் பக்கத்து ஸ்டாண்டில் நிற்கும், இதைப் பார்த்து மற்ற கீபோர்டுகளும் கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்று ஊர் பேச ஆரம்பித்தது. ஜாடையாக ஆரம்பித்து, பிறகு வாய்விட்டே குருவையா அண்ணனையும் ஜோதிமுருகனையும் சம்பந்தி சம்பந்தி என்று கூப்பிட்டார்கள். பாவம், அவமானத்தில் இரண்டு பேரும் கச்சேரியில் தப்புத் தப்பாக வாசித்தார்கள். வழக்கமாகவே அப்படித்தான் வாசிப்பார்கள், இப்போது ஒரு காரணம் கிடைத்தது.

மாசியில் ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் சங்கக் கூட்டம் போட்டார்கள். கல்யாண மண்டபத்துப் பந்தி ஹாலில், கட்சிக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து, கட்சிக்கு ஒரு பிளாஸ்கில் டீ. செண்பகம் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் நான். பேசிப் பேசி, கடைசியில் குருவையா அண்ணன் எழுந்து தீர்ப்பு மாதிரி சொன்னார்: "உள்ள என்ன போர்டு இருக்குன்னு பாத்துருவோம். மினாகோ போர்டுன்னா எங்க பக்கம், ஹெல்டர் போர்டுன்னா அவுக பக்கம். முடிஞ்சது."

"எப்படிண்ணே பாப்பீங்க? ஸ்குரூவே இல்லியே" என்றாள் செண்பகம்.

"அறுத்துத்தான் பாக்கணும்."

செண்பகத்தின் கை தன்னால் குட்டியை இறுக்கிப் பிடித்தது, அது லேசாக முனகியது.

"அறுத்தா செத்துப்போகும்ணே!"

"சாகுறதுக்கு அது என்ன மனுஷப் பிறவியா?" என்றார் ஜோதிமுருகன். ஒரு மாசம் முன்னால் இதே ஆள்தான் அதற்கு வெள்ளி அரைஞாண் வாங்கலாமா என்று என்னிடம் யோசனை கேட்டவர்.

செண்பகம் எழுந்து நின்றாள். அவளுக்குக் கூட்டத்தில் பேசி வழக்கமில்லை. "ஒரே ஒரு தடவ கேட்டுப் பாருங்கண்ணே. இந்தா, மினாகோவ வாசிங்க, ஹெல்டர வாசிங்க, இதையும் வாசிங்க. மூணையும் கேட்டுட்டுச் சொல்லுங்க. கேட்டுட்டு அறுக்கணும்னு தோணுச்சுன்னா அறுங்க."

ஹாலே சிரித்தது. "காதால கேட்டு முடிவு பண்ற விசயமாம்மா இது?" என்றார் ஜோதிமுருகன். "அதானே," என்றார் குருவையா அண்ணன், "நாளைக்கு இதுதான் நல்லா இருக்குன்னு மனசுக்குப் பட்டுருச்சுன்னா, நாங்க இத்தன வருஷம் பேசுன பேச்செல்லாம் என்ன ஆகுறது?"

அம்மன் கோவில் பங்குனிப் பொங்கலுக்கு மறுநாள், இரும்பு அறுக்கிற ஆக்சா பிளேடு வைத்து அறுப்பது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆனது. மினாகோக்காரர்களும் ஹெல்டர்காரர்களும் கை குலுக்கிக்கொண்டார்கள். ஒரே பிளாஸ்கில் இருந்து டீ ஊற்றிக் குடித்தார்கள். எங்கள் ஊரில் அப்படி ஒரு ஒற்றுமையை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

கடைக்குத் திரும்பின பிறகு செண்பகம் அடுத்த ஊருக்கு ஓடிப்போய்விடலாமா என்றாள். அடுத்த ஊரில் மட்டும் என்ன வாழுகிறது, அங்கேயும் இரண்டு கட்சி, அங்கேயும் பிளேடு. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "பேசாம ஏதாச்சும் ஒரு வெள்ளைக்காரன் பேர எழுதி அது முதுகுல ஒட்டு, இந்தப் பயலுக அத்தன பேரும் விழுந்து கும்பிடுவானுக" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். வாழ்க்கையில் ஒரு பொய் சொல்லாதவள் மறுநாள் காலையில் பிளெக்ஸ் அடிக்கிற கடைக்குப் போய், வெள்ளி நிறத்தில் மினுக்கிற ஸ்டிக்கர் ஒன்று அடித்துக்கொண்டு வந்தாள். ஸ்வெண்டார், நார்வே.

ஒட்டிக் கண்ணாடி அலமாரியில் வைத்தோம். "இது இங்க பொறந்ததில்லியாம், நார்வே மாடலாம், போன புரட்டாசிலயே பார்சல்ல தவறி வந்து ஸ்டாண்டுக்கு அடியில கெடந்துச்சாம்" என்று நான் டீக்கடையில் ஒரே ஒரு ஆளிடம் சொன்னேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. தொட்டிலை ஆட்டினவர்கள் ஆட்டவே இல்லை என்றார்கள், மைப்பொட்டு வைத்தவர்கள் அது கம்பெனி டிசைன் என்றார்கள், ஜோசியர் வெளிநாட்டு யோகம் உண்டென்று தான் அப்போதே சொன்னதாகச் சொன்னார். ஒரு டோன்தானே இருக்கிறது என்று எவனோ கேட்டதற்கு, நார்வேயில் எல்லாம் ஒரு டோன்தான், கண்டதையும் போட்டு அடைப்பது ஏழை நாட்டுப் பழக்கம் என்று பதில் கிடைத்தது. பதில் சொன்னவர் விருதுநகரைத் தாண்டிப் போனதில்லை.

அறுப்பதாக இருந்த தேதியை அறிமுக விழாவாக மாற்றினார்கள். ஸ்வெண்டார் ரசிகர் சங்கம் என்று புதுச் சங்கம் ஆரம்பித்தார்கள், குருவையா அண்ணன் தலைவர், ஜோதிமுருகன் செயலாளர். இவர் வீட்டு வாசல் பெயரை மாற்றினார், அவர் புஜத்துப் பச்சையை அடித்துவிட்டுக் கீழே புதிதாகக் குத்திக்கொண்டார். மகள் பெயரை மட்டும் மாற்ற முடியவில்லை, அது ஆதார் கார்டில் ஏறிவிட்டதாம்.

குட்டி பிழைத்தது என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். செண்பகம்தான் முதலில் கண்டுபிடித்தாள். ஸ்டிக்கர் ஒட்டின நிமிஷத்தில் இருந்து அது வாயைத் திறக்கவில்லை. தடவினாள், கட்டையை அமுக்கினாள், காதை வைத்துப் பார்த்தாள். ஒரு சத்தம் இல்லை. ஊரில் இது வேறு யாருக்காவது தெரிந்ததா என்றால் அதுதான் இல்லை. வரிசையில் நின்று, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டார்கள்.

"ஆகா! என்னா ஆழம்!" என்றார் குருவையா அண்ணன், ஒன்றுமே இல்லாததைக் கேட்டுக்கொண்டு.

"பேஸ் அப்படியே அடிவயித்துல எறங்குது பாத்தீகளா சம்பந்தி" என்றார் ஜோதிமுருகன். இப்போது சம்பந்தி என்று அவரே கூப்பிட்டார்.

மினாகோ எல்லாம் ஒரு கீபோர்டா, ஹெல்டர் எல்லாம் ஒரு கீபோர்டா, ஸ்வெண்டாருக்கு முன்னால் அதெல்லாம் ஈயப் பாத்திரம் என்று ஒப்பிட்டு ஒப்பிட்டு அவர்களுக்கு வாய் வலித்தது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பயம் வந்தது, ஏனென்றால் பேட்டரி தின்பதைக் குட்டி நிறுத்திவிட்டது. வெள்ளைக் கட்டைகள் மஞ்சளித்துப் போயின. தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், அந்தச் சூடும் குறைந்துகொண்டே வந்தது. செண்பகம் சாப்பிடவில்லை. "மாரி, இது மூச்சு விடுதான்னு பாருடி" என்று என்னை வேலை செய்ய விடாமல் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"ஸ்டிக்கர எடுத்துரு செண்பகம்."

"எடுத்தா அறுத்துருவானுகளேடி."

"எடுக்காட்டி இப்படியே போயிரும்."

அவள் ஸ்டிக்கர் ஓரத்தில் நகத்தை வைத்தாள், பிறகு எடுத்துக்கொண்டாள். பெற்றவளுக்குக்கூட இப்படி ஒரு இக்கட்டு வரக்கூடாது.

பங்குனிப் பொங்கலுக்கு மறுநாள் காலை, கடை வாசலில் பந்தல், வாழைமரம், பெரிய ஸ்பீக்கர், ஊரே நிற்கிறது. குருவையா அண்ணன் மைக்கைப் பிடித்து, இந்த ஒலியைக் கேட்கிற பாக்கியம் நம் ஊருக்குக் கிடைத்ததே என்று கண்கலங்கப் பேசினார். குட்டியை மேஜை மேல் வைத்து மைக்கை அதற்கு நேராகத் திருப்பினார்கள். ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை. ஊரே கண்ணை மூடித் தலையாட்டியது. சிலர் தாளம்கூடப் போட்டார்கள்.

செண்பகம் குனிந்து பார்த்தாள். ஓரத்தில் இருந்த கடைசிக் கட்டை, மைப்பொட்டு வைத்த கட்டை, மெல்ல உள்ளே போய்விட்டு மேலே வராமல் அப்படியே நின்றது. "ஐயோ என் தங்கமே!" என்று ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், பந்தலே திரும்பியது. நகத்தைக் கொடுத்து, வெள்ளி மினுக்கை ஒரே இழுப்பில் உரித்து எறிந்தாள்.

முதலில் ஒரு விக்கல். பிறகு அழுகை. அத்தனை நாள் அடக்கின அழுகை மொத்தமும் அந்தப் பெரிய ஸ்பீக்கரில் ஏறி, பந்தலைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது. செண்பகம் அதை வாரி எடுத்துத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தாள், தட்டத் தட்ட அழுகை குறைந்து, விம்மலாகி, அந்தப் பழைய முனகலாக மாறியது. நான் கும்பிட்டேன். யாரைக் கும்பிட்டேன் என்று எனக்கே தெரியாது.

கண்ணைத் திறந்த ஊர், அது பாடுவதைக் கேட்கவில்லை, கீழே கிடந்த ஸ்டிக்கரைப் பார்த்தது.

"இது என்ன, ஸ்டிக்கர் கையோட வருது?" என்றார் ஜோதிமுருகன். எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் எங்கள் ஊர் பிளெக்ஸ் கடை விலாசம் இருந்தது. "அடச்சே! டூப்ளிகேட்!"

"அதானே பாத்தேன்," என்றார் குருவையா அண்ணன், "ஒரிஜினல்னா இப்படிச் சத்தம் போடுமா?"

உலகத்திலேயே ஒன்றே ஒன்று இருக்கிற பொருளுக்கு எங்கள் ஊர் வைத்த பெயர் டூப்ளிகேட். அறுத்துப் பார்க்கவா என்று ஒருத்தன் ஆர்வமாக பிளேடோடு முன்னால் வந்தான். போலியைப் போய் எவனாவது அறுத்துப் பார்ப்பானா, உள்ளே தகரம்தான் இருக்கும் என்று அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். பந்தல் காலியாவதற்குள், இந்த ஏமாற்றுக்குக் காரணம் ஹெல்டர்காரன் என்று மினாகோக்காரனும் மினாகோக்காரன் என்று ஹெல்டர்காரனும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஊர் பழையபடி நல்லபடியாகிவிட்டது.

கடைக்குள் நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். குட்டி செண்பகத்தின் மடியில் படுத்து ஒரு பேட்டரியைத் தின்றுவிட்டு முனகிக்கொண்டிருந்தது. அது பிடித்த சுதியில் நானும் சும்மா கூடவே இழுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. கோபத்தில் செருப்பைக்கூட மாட்டாமல் போன குருவையா அண்ணன், வெயிலில் தார் சுட்டதும் திரும்பி வந்திருந்தார். ஒற்றைச் செருப்பில் காலை விட்டவர், அடுத்ததை விடாமல் அப்படியே நின்றுவிட்டார்.

அப்போதுதான் அந்த மனுஷன் அதை முதல் தடவையாகக் கேட்டார் என்று நினைக்கிறேன். பக்கத்தில் தலையாட்ட ஆள் இல்லை, எதிர்த்துப் பேச ஆள் இல்லை, சும்மா காது மட்டும். தோள் துண்டு கண்ணுக்குப் போனது. மெல்ல உள்ளே வந்து, எங்கள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலை அதன் மேல் வைத்தார்.

"எங்க மினாகோ கொரலும்மா இது" என்றார். "அப்படியே எங்க பக்கத்துக் கொரலு."

சட்டென்று நின்றது. ஒரு மூச்சுக்கூட இல்லை.

சுட்டுவிட்ட மாதிரி விரலை இழுத்துக்கொண்டார். செண்பகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாங்கள் என்ன சொல்ல, அதுதான் சொல்லிவிட்டதே. எழுந்து வாசல் வரைக்கும் போய், தெருவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார், ஒரு மனுஷன் இல்லை, இருந்தும் ஷட்டரைப் பாதி இறக்கினார். திரும்பி வந்து, மண்டி போட்டு, வாய் கட்டையில் படுகிற அளவுக்குக் குனிந்தார்.

"இல்ல சாமி. எங்க பக்கம் இல்ல. அவுக பக்கமும் இல்ல. நீ ஒருத்தன் பக்கமும் இல்ல. பாடு."

அது உடனே பாடவில்லை. நம்பலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்த மாதிரி இருந்தது. பிறகு மெதுவாக ஆரம்பித்தது.

குருவையா அண்ணன் தரையில் சரிந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அழுகைக்கு நடுவிலேயே எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வெளிய சொல்லிராதீகம்மா."